பாதி விலையில் ஓட்டைப் படகு

கடைசிப் பொத்தானை அமுக்கப் போன கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.

ஒரு நொடி முன்பு வரை செல்போன் திரையில் பாதி விலைக்குப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த ‘ஓட்டைப் படகு’ வீடியோ கேம், இப்போது முக்கால் விலைக்கு முறைத்துக்கொண்டிருந்தது. நடுவில் பொடி எழுத்தில் ஒன்று முளைத்திருந்தது. ‘விற்பனை வரி: அச்சிட்ட விலையில் கால் பங்கு.’

“அச்சிட்ட விலையிலயா? நான் வாங்குறது பாதி விலைக்கு. வரி மட்டும் முழு விலைக்கா?” தலைமை எழுத்தர் ‘தள்ளுபடி’ நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். “எந்தப் படுபாவி எழுதின விதி இது?”

எதிர் மேசை டைப்பிஸ்ட் தலை நிமிராமல் சொன்னாள்: “நீங்கதான் சார்.”

“நானா?”

“போன வருஷம். ‘தள்ளுபடி கொடுக்கிறது கடைக்காரன் தாராளம். அதுக்கு அரசாங்கம் ஏன் வருமானத்தை விடணும்?’னு நீங்கதான் மேலிடத்துக்கு எழுதினீங்க. நான்தான் அடிச்சுக் கொடுத்தேன். அன்னிக்கு எல்லாருக்கும் டீ கூட வாங்கிக் கொடுத்தீங்களே!”

தள்ளுபடி மெல்ல உட்கார்ந்தார். அந்த டீயையும் அவர் மொத்தமாகச் சொல்லி விலை குறைத்துத்தான் வாங்கியிருந்தார்.

இணைய விற்பனை வரிப் பிரிவின் தலைமை எழுத்தர் அவர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி ஆபீஸ், தெரு, உறவு எல்லாருக்கும் அவர் தள்ளுபடிதான். பிறந்ததிலிருந்து எதையும் முழு விலைக்கு வாங்கியதில்லை. அவர் காலில் இருந்த செருப்பு ஒரு அளவு பெரியது. அந்த அளவுக்குத்தான் விலை குறைத்திருந்தார்கள். வீட்டுக் காலண்டரை மார்ச் மாதத்தில்தான் வாங்குவார். ‘ஜனவரி, பிப்ரவரியில அப்படி என்ன பெருசா நடந்துடப் போகுது?’

ஆனால் இந்த முறை விஷயம் காலண்டர் இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் பன்னிரண்டு வயது.

பிறந்த நாள் பரிசு விஷயத்தில் அப்பாவின் சரித்திரம் அவ்வளவு சுத்தமில்லை. இரண்டு வருஷம் முன்பு அவர் வாங்கித் தந்த கேமில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஏதோ ஒரு பாஷையில் இருந்தது. அதனால்தான் மலிவு. போன வருஷம் வாங்கியது வேறு கம்பெனி மிஷினில் மட்டும் ஓடுகிற கேம். அதை வைத்துக்கொண்டு அந்த மிஷினுக்குத் தள்ளுபடி வருமா என்று இன்னமும் காத்திருக்கிறார்.

அன்று காலையில்தான் ஷூ மாட்டிக்கொண்டே மகள் பேச்சைத் தொடங்கியிருந்தாள்.

“அப்பா, ஓட்டைப் படகு ரெண்டு பேர் விளையாடுற கேம். ஒருத்தர் துடுப்பு போடணும், இன்னொருத்தர் உள்ள வர்ற தண்ணியை இறைச்சுக் கொட்டணும். தனியா ஆடவே முடியாது. துடுப்பு நான். தண்ணி இறைக்கிறது நீ.”

“நானா?” தள்ளுபடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. போன ஆறு மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொள்கிற பெண் அவள்.

“ஆனா ஞாயித்துக்கிழமை கேக் வெட்டும்போது அது என் கையில இருக்கணும். இந்த வருஷமும் சொதப்பினே, தண்ணி இறைக்கப் பக்கத்து வீட்டுக்காரியைச் சேர்த்துப்பேன்.”

“அப்பா வாக்குடா குட்டி!”

“பாலத்தடி கேம் கடையிலயே இருக்குப்பா. நேரா போ, காசைக் கொடு, வாங்கிட்டு வா. அவ்ளோதான்.”

“அங்க முழு விலை.”

“தெரியும்,” என்று பெருமூச்சு விட்டுப் பையை மாட்டிக்கொண்டாள் மகள்.

* * *

ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றின் குறுக்கே பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறு அரசாங்கம். தள்ளுபடி அதையே வெறித்துப் பார்த்தார். சட்டென்று முகத்தில் விளக்கு எரிந்தது.

“அக்கரையில இணைய விற்பனை வரியே கிடையாதே!”

அக்கரையில் இருந்தான் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஒற்றை அறை வீடு, கல்யாணமாகவில்லை, கேள்வி கேட்கிற பழக்கமும் இல்லை. தள்ளுபடி முகவரிப் பெட்டியில் அவன் விலாசத்தைத் தட்டினார். வரி மாயமாய் மறைந்தது. படகு மறுபடியும் பாதி விலைக்கு வந்தது.

கூடவே புதிதாக ஒன்றும் வந்தது. ‘அக்கரைக்கு அனுப்பும் கூலி.’

“இதென்னடா வம்பு?”

கீழே ஓர் ஆறுதல் இருந்தது. இன்னும் கொஞ்சம் வாங்கினால் கூலி இல்லை. தள்ளுபடி தேடினார். கூலியைத் தவிர்க்கத் தோதான விலையில், எழுபது சதவீதக் கழிவில், ஒரு பீன் பேக் கிடைத்தது. சாக்கு மூட்டை மாதிரி உருண்டையாக, உள்ளே வெள்ளை மணி மணியாக அடைத்த நாற்காலி. அழுத்தினார்.

“கூலியைவிட நாற்காலி விலை நாலு மடங்கு சார்,” என்றாள் எட்டிப் பார்த்த டைப்பிஸ்ட்.

“கூலி கொடுத்தா என்னம்மா மிஞ்சும்? இதுல நாற்காலி மிஞ்சுது பாரு!”

* * *

புதன்கிழமை மத்தியானம் மச்சினன் போன் செய்தான்.

“அத்தான், உங்க பேர்ல ரெண்டு பார்சல். ஒண்ணு சின்ன டப்பா. இன்னொண்ணு பேரு தெரியலை, ஆள் உயரத்துக்கு இருக்கு. கதவை முழுசாத் திறக்க முடியலை.”

“பத்திரமா வைடா மாப்ள. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்.”

அவர் போனை வைத்ததும் டைப்பிஸ்ட் கேட்டாள். “பாலத்துல செக்போஸ்ட் இருக்கே சார்? அக்கரையில வாங்கின புதுச் சாமான் இந்தப் பக்கம் வந்தா அங்கேயே வரி வசூல் பண்ணணும். அதுவும் உங்க...”

“என் விதிதான். தெரியும்!”

“பேசாம பையில போட்டு மறைச்சுக் கொண்டு வந்துடுங்க.”

தள்ளுபடியின் முகம் சிவந்தது. “யாரைப் பார்த்து என்ன சொல்றே? வரி ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு நான் மறைச்சுக் கொண்டு வர்றதா? நான் ஏமாத்த மாட்டேன்ம்மா. விதியில சந்து இருந்தா அது வழியா மரியாதையா நடந்து போவேன். அவ்வளவுதான்.”

சந்து இருந்தது. அதையும் அவர்தான் விட்டு வைத்திருந்தார். சீல் உடைத்து, நாலு நாள் உபயோகித்த பொருளுக்கு வரி இல்லை.

மறுபடி போனை எடுத்தார்.

“மாப்ள, அந்தச் சின்ன டப்பாவைப் பிரி.”

“பிரிச்சு?”

“விளையாடு.”

“எனக்கு விளையாடத் தெரியாதே அத்தான்? மிஷினும் இல்லை.”

“யார்கிட்டயாவது இரவல் வாங்கேன். சும்மா பேருக்கு ஆடு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் தினம் கொஞ்ச நேரம். அது பழசாகணும், அவ்வளவுதான்.”

“கூட வேலை செய்றவன்கிட்ட மிஷின் இருக்கு. இது ரெண்டு பேர் ஆடறதுன்னு போட்டிருக்கே?”

“அவனையும் கூப்பிட்டு உட்கார வை!”

அக்கரையில் மொத்தம் இருந்ததே இரண்டு லிஃப்ட் மெக்கானிக்குகள்தான். அந்த நேரத்தில் தள்ளுபடிக்கு அது முக்கியமாகப் படவில்லை.

* * *

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி ஹாலின் நடுவில் நின்றிருந்தாள். கையில் போன். கண்ணில் நீர்.

“என்னங்க, தம்பி வேலைக்கே போகலையாம். கம்பெனியில இருந்து எனக்குப் போன் பண்றாங்க. கூட வேலை செய்றவனையும் காணோமாம்!”

தள்ளுபடி செருப்பைக் கழற்றுவதில் அதிக நேரம் செலவிட்டார். “உடம்பு சரியில்லாம இருக்கும்.”

“அவனுக்கே போன் போட்டேன். ‘அக்கா, மூழ்கிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்’னு வெச்சுட்டான். மூழ்கிட்டிருக்கானாம்ங்க!”

“வேலையில மூழ்கியிருப்பான்.”

“வேலைக்குத்தான் போகலையே!”

தள்ளுபடிக்கு முழி பிதுங்கியது.

“பின்னால ஒரு ஆம்பளைக் குரல் வேற, ‘கொட்டு, கொட்டு, சீக்கிரம் கொட்டு’ன்னு கத்துது. ஏதோ கெட்ட கூட்டத்துல மாட்டிக்கிட்டான். நான் இப்பவே கிளம்பறேன்.”

“நீ எதுக்கு? நீ போனா அவன் கூச்சப்படுவான். ஆம்பளைக்கு ஆம்பளை நான் பேசறேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்துட்டு வர்றேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா!”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பிக்கென்று ஒரு துண்டு, வெந்நீர்ப் பை, தைலம், மனநல டாக்டரின் போன் நம்பர் எல்லாம் ஒரு பையில் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

அறைக் கதவு சற்றுத் திறந்தது. மகளின் தலை மட்டும் வெளியே வந்தது.

“அப்பா, வாங்கிட்டியா?”

“வந்துக்கிட்டே இருக்குடா குட்டி!”

“நடந்து வருதா, நீந்தி வருதா?”

“குறும்பைப் பாரு!”

“கடையில இன்னும் இருக்கு. சும்மா சொன்னேன்,” என்றது தலை. கதவு மூடிக்கொண்டது.

* * *

ஞாயிறு மத்தியானம் மச்சினன் வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. ஆனால் திறக்கவும் இல்லை. உள்ளே பீன் பேக் அடைத்துக்கொண்டிருந்தது. தள்ளுபடி தோளைக் கொடுத்துத் தள்ளி, பக்கவாட்டில் நுழைந்தார்.

தரையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சவரம் செய்யாத முகங்கள். சுற்றிலும் காலி பிஸ்கட் பாக்கெட்டுகள். டிவி திரையில் ஒரு படகு சுழன்றுகொண்டிருந்தது.

“கொட்டுடா!”

“கொட்டிட்டுத்தானே இருக்கேன்! நீ இடது பக்கம் போடு!”

“டேய் மாப்ள!”

“வாங்க அத்தான்,” என்றான் மச்சினன் திரும்பாமல். “ஒரு நிமிஷம். கரை தெரியுது.”

தள்ளுபடி ஒரு நிமிஷம் நின்றார். படகு மூழ்கியது. இருவரும் தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மறுபடி கரை தெரிந்தது. மறுபடி மூழ்கியது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

“டேய், போதும்டா! நான் பழசாக்கத்தான் சொன்னேன், பிழிஞ்சு எடுக்கச் சொல்லலை!”

“இந்த ஒரு தடவை அத்தான்...”

தள்ளுபடி குனிந்து சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார்.

அப்படியொரு அமைதி அந்த அறையில் நான்கு நாட்களாக இருந்திருக்காது. கூட்டாளி எழுந்து நின்றான். அவரையும் பிளக்கையும் மாறி மாறிப் பார்த்தான். மிஷின் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

“டப்பா எங்கே? உள்ள எல்லாம் சரியா இருக்கா?”

“இருந்ததெல்லாம் அப்படியே இருக்கு அத்தான்.” மச்சினன் கனவிலிருந்து எழுந்தவன் போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு டப்பாவை நீட்டினான்.

அப்போதுதான் தள்ளுபடி அதைக் கவனித்தார். பீன் பேக் பிளாஸ்டிக் உறை கூடக் கிழியாமல் கதவோரம் மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக இருந்தது.

“இதுல ஒருத்தரும் உட்காரலையா?”

“அழுக்காயிடுமேன்னு தொடவே இல்லை. குட்டிக்கு வாங்கினதுன்னு நினைச்சேன்.”

“அட மக்கு! புதுசா இருந்தா வரி! முழு விலைக்கு வரி!”

அவரே உறையைக் கிழித்தார். உட்கார்ந்தார், எழுந்தார், உட்கார்ந்தார். போதாது என்று தோன்றியது. நாலு நாள் பழசை நாலு நிமிஷத்தில் வரவழைக்க வேண்டுமே! ஏறி நின்று குதித்தார். மனைவி கொடுத்தனுப்பிய பையில் இருந்த தைலத்தைக் கொஞ்சம் தடவினார். மறுபடி ஓடி வந்து குதித்தபோது எங்கோ ‘டர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“என்னடா அது?”

“ஒண்ணுமில்லை அத்தான். தையல் கொஞ்சம் சிரிக்குது. பார்க்கப் பழசாத்தான் இருக்கு.”

* * *

பாலத்தை அவர் நடந்தே கடந்தார். பீன் பேக்கோடு பஸ்ஸில் ஏறினால் இரண்டு டிக்கெட் என்றார்கள். கக்கத்தில் கேம் டப்பா, முதுகில் மூட்டை. காற்று நன்றாக வீசியது. நடக்க நடக்க மூட்டை லேசாகிக்கொண்டே வந்தது. நடந்து பழகிவிட்டது போலும் என்று சந்தோஷப்பட்டார்.

செக்போஸ்ட்டில் இருந்த பெண் அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தள்ளுபடி திரும்பினார். பாலத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனை வரை வெள்ளை மணிகள் கோடு போட்டிருந்தன. கார்கள் வேகம் குறைத்தன. சில மணிகள் பறந்து ஆற்றில் விழுந்துகொண்டிருந்தன.

“வாங்க சார்,” என்றாள் அதிகாரி. “ரொம்ப தூரத்துல இருந்தே நீங்க வர்றது தெரிஞ்சுது.”

அவரிடம் பயிற்சி வகுப்பில் படித்தவள்தான். தள்ளுபடி நிம்மதியாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“தப்பா எடுத்துக்காதீங்க சார், நான் இன்னிக்கு நல்ல மூடுல இல்லை. நேத்து எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். அக்கரையிலதான் வீடு. போன் பண்ணினா மெக்கானிக் சொல்றான், ‘படகு மூழ்குது மேடம், அது முடிஞ்சதும் வர்றேன்’னு. உலகத்துல எங்கேயாவது நடக்குமா சார் இது?”

“அநியாயம்!” என்றார் தள்ளுபடி, டப்பாவை மெல்ல முதுகுப்பக்கம் நகர்த்தி.

“அது என்ன சார் கையில?”

“இதுவா? பழசும்மா. உபயோகிச்சது. இந்த நாற்காலியும் பழசு. வரி இல்லை. நம்ம ஏழாவது விதி.”

“தெரியும். வகுப்புல நீங்க சொன்ன உதாரணத்தோட ஞாபகம் இருக்கு.” அவள் பீன் பேக்கைத் தூக்கினாள். வெறும் துணி. “இது பழசுதான், ஒத்துக்கறேன். ஆனா பாலத்துல குப்பை போட்டதுக்கு அபராதம் உண்டு.”

“அபராதமா? ஏதாவது பார்த்து...”

“அபராதத்துல தள்ளுபடி கிடையாது சார்.”

அவள் சொன்ன தொகை, அவர் இரண்டு கரைக்கும் நடுவில் மிச்சம் பிடித்த அத்தனையையும் விழுங்கி ஏப்பம் விட்டது. தள்ளுபடி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். போகட்டும். படகு கையில் இருக்கிறது. கேக் வெட்ட இன்னும் நேரம் இருக்கிறது.

“டப்பாவைத் திறங்க சார். சும்மா ஒரு பார்வை.”

திறந்தார். உள்ளே கேம் டிஸ்க் எதுவும் இல்லை. சீட்டு ஒன்று மட்டும் இருந்தது. அதில் நாணயத்தால் சுரண்டிய வெள்ளித் தடம், அதன் கீழே நீளமாக ஒரு எண்.

அதிகாரி அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். முதல் முறையாக அவள் முகம் இளகியது.

“இதை யார் சார் சுரண்டினது?”

“மச்சினன். நான்தான் உபயோகிக்கச் சொன்னேன்.”

“என் பையனும் இதே மாதிரிதான் வாங்குவான். இந்த நம்பரை ஒரே ஒரு தடவைதான் போட முடியும். எந்த மிஷின்ல முதல்ல போடுறோமோ, கேம் அந்த மிஷினுக்குத்தான். வேற எதுலயும் வராது.” சீட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். “நீங்க கொண்டு வந்திருக்கிறது அட்டை டப்பா சார். கண்டிப்பா இதுக்கு வரி இல்லை.”

தள்ளுபடி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். போனை எடுத்தார்.

“மாப்ள! அந்த மிஷினை அப்படியே தூக்கிட்டு ஓடி வா!”

“அவன் எடுத்துட்டுப் போயிட்டான் அத்தான். நீங்க பிளக்கைப் பிடுங்கினதுல அவனுக்கு மனசு விட்டுப் போச்சு. போனையும் எடுக்க மாட்டேங்கிறான்.”

செல்போனில் கடையைத் திறந்தார். பாதி விலை முடிந்துவிட்டது. இப்போது முழு விலை. அதைக்கூட அவர் விழுங்கியிருப்பார். கீழே எழுதியிருந்ததைத்தான் விழுங்க முடியவில்லை. ‘வியாழக்கிழமை வந்து சேரும்.’

துடுப்பு நான், தண்ணி இறைக்கிறது நீ. காதுக்குள் மகள் குரல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி வாளியும் கையுமாகப் படகில் ஏறுவது கண் முன்னால் தெரிந்தது.

பாலத்தடிக் கடை!

தள்ளுபடி ஓடினார். ஒரு அளவு பெரிய செருப்பு, ஓடுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஒன்று பாதி வழியில் கழன்றது. எடுக்கத் திரும்பவில்லை.

* * *

கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி மாட்டிய அமைதியான மனிதர். அடியில் குனிந்து உள்ளே வந்த உருவத்தைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார். ஒரு காலில் செருப்பு, தோளில் காலிச் சாக்கு, தலை மயிரெல்லாம் வெள்ளை மணிகள், உடம்பெல்லாம் தைல வாசனை.

“அண்ணே... ஓட்டைப் படகு...” மூச்சு வாங்கியது. “இருக்கா?”

“ஒண்ணு இருக்கு.”

“கொடுங்க!”

“அதைக் கொடுக்க முடியாது சார். ஒருத்தருக்காக எடுத்து வெச்சிருக்கேன்.”

கண்ணாடி அலமாரிக்குள் அது தெரிந்தது. சீல் உடையாத, பளபளப்பான டப்பா. தள்ளுபடி தன் வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

“முழு விலை தர்றேன்.”

“இல்லை சார்.”

“வரியும் தர்றேன். அச்சிட்ட விலைக்கு வரி. ஒரு காசு குறைக்க வேண்டாம்.”

“வாக்கு கொடுத்துட்டேன் சார்.”

“முழு விலைக்கு மேலயே தர்றேன் அண்ணே!” கல்லாவின் மேல் சாய்ந்தார். “என் பொண்ணுக்குப் பிறந்த நாள். வீட்ல மெழுகுவத்தி ஏத்தக் காத்துக்கிட்டிருக்காங்க.”

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரை இரக்கத்தோடு பார்த்தார். “எடுத்து வெச்சது கூட பிறந்த நாளுக்குத்தான் சார். வர வேண்டியவர் கடை சாத்துற வரைக்கும் வரலைன்னா நீங்க எடுத்துக்கோங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான். உட்காருங்க.”

தள்ளுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். யாராவது நடந்து போனால் நெஞ்சு திடுக்கென்றது.

“யார் அண்ணே அது?”

“முகம் தெரியாது. பேரும் தெரியாது. ஒரு அடையாளம் மட்டும் சொல்லியிருக்காங்க.”

“என்ன அடையாளம்?”

“அதைச் சொன்னா வர்றவங்க எல்லாரும் அதையே செஞ்சு காட்டுவாங்களே!”

“என்ன மனுஷன் அண்ணே அவன்?” தள்ளுபடிக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “பிள்ளைக்குப் பிறந்த நாள்னா முன்னாடியே வந்து வாங்க மாட்டானா? கடை சாத்துற நேரம் வரைக்கும் எங்க ஊர் சுத்திட்டிருக்கான்? ஒரு பொறுப்பு வேண்டாம்?”

“நானும் அதான் நினைச்சேன் சார். சில பேர் அப்படித்தான்.”

“இவனுக்கெல்லாம் எதுக்குப் பரிசு? எனக்கே கொடுத்துடுங்க.”

“கொஞ்சம் பொறுங்க சார்.”

முள் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து செல்போன் அலறியது. மனைவி. “என்னங்க, எங்கே இருக்கீங்க? தம்பி இங்க வந்துட்டான். நல்லாத்தான் இருக்கான், கேக்கைத்தான் வெறிச்சுப் பார்க்கிறான். இவ உங்களுக்காக நிக்கிறா. ‘அப்பா வரட்டும்’னு கத்தியைத் தொட மாட்டேங்கிறா.”

தள்ளுபடி எழுந்தார். இனி உட்கார முடியாது. வெறுங்கையோடும் போக முடியாது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் சாவிக்கொத்துகள் கிடந்தன. அதில் ஒன்று விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் படகு. அதை எடுத்தார். இதையாவது கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம். மகள் ஒன்றும் சொல்ல மாட்டாள். சொல்லாமல் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அதுதான் தாங்காது.

விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்ததால் எழுத்து சரியாகத் தெரியவில்லை. உதடு மட்டும் பழக்கத்தில் அசைந்தது.

“அண்ணே... இதுல ஏதாவது குறைச்சுக் கொடுப்பீங்களா?”

கடைக்காரரின் கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவிக் கல்லாவில் விழுந்தது. ஒரே எட்டில் அலமாரியைத் திறந்து டப்பாவை எடுத்து அவர் கையில் திணித்தார்.

“அட, நீங்கதானா சார் அது? வந்ததுமே இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதா? போன வாரம் ஸ்கூல் பையோட ஒரு பொண்ணு வந்து, ‘என் பிறந்த நாள் அன்னிக்குக் கடை சாத்துற நேரத்துக்கு எங்க அப்பா மூச்சு வாங்க ஓடி வருவார், தள்ளுபடி கேப்பார், அவருக்காக ஒண்ணு எடுத்து வைங்க, ஆனா எவ்வளவு கெஞ்சினாலும் ஒரு காசு குறைச்சுடாதீங்க’ன்னு சொல்லிட்டுப் போச்சு!”